வழித்துணையாய் ஓர் ஒலிபெருக்கி

பயணத்தையும் பாட்டையும் பிரித்துப் பாராதது தமிழ் மரபு. பத்துப்பாட்டில் அமைந்த ஆற்றுப்படை நூல்களுள் இரண்டு, பாணர் ஏந்திய யாழின் அளவாலேயே பெயர் பெற்றன. சீறியாழ் ஏந்தியவர் சிறுபாணர். பேரியாழ் ஏந்தியவர் பெரும்பாணர். வழிநெடுகச் சுமக்க வேண்டிய கருவி எத்துணைப் பெரிதாக இருக்கலாம், எத்துணை இனிதாக ஒலிக்க வேண்டும் என்னும் வினா அந்நாளிலேயே எழுந்திருக்க வேண்டும். இன்று கைக்கு அடக்கமான ஒலிபெருக்கி ஒன்றை வாங்கக் கடைக்குச் செல்லும் மாணவர் முன்னும் அதே வினாதான் நிற்கிறது.

1954ஆம் ஆண்டில் டிரான்சிஸ்டர் வானொலி வந்தபோது ஒலி சட்டைப்பைக்குள் புகுந்தது. 1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாப் பேழையை அறிமுகம் செய்தது. இசைமுரசு நாகூர் ஹனீபா (1925–2015) அவர்களின் கம்பீரக் குரல் இல்லந்தோறும் நுழைந்தது அந்தப் பேழையின் வாயிலாகவே என்பதை நம் பெரியோர் நன்கறிவர். 1991இல் லித்தியம் அயனி மின்கலம் விற்பனைக்கு வந்தது. 1998இல் புளூடூத் என்னும் கம்பியில்லா இணைப்பு முறைக்கான கூட்டமைப்பு உருவாயிற்று. இவ்விரண்டும் கூடியதன் பயனே இன்றைய சிறு ஒலிபெருக்கி.

இசைக் கருவிகள் குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாய்வு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கிராஅத், சொற்பொழிவு, சீறாப்புராணப் பாடல், குணங்குடியார் பாடல், இன்னிசை என எதைக் கேட்பவராயினும், கருவியைத் தேர்ந்துகொள்ளும் முறை ஒன்றே.

எதைக் கேட்கப் போகிறோம்?

கடைக்குள் நுழையுமுன் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா இதுவே. ஆடவர் பேச்சுக் குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸ் முதல் 180 ஹெர்ட்ஸ் வரை அமையும். சொற்களைப் பிரித்தறியத் துணை செய்யும் மெய்யெழுத்து ஒலிகளோ ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் அளவில் உள்ளவை. எனவே உரையும் ஓதலும் கேட்பவர்க்கு மிகச் சிறிய கருவியே போதும். தவிலின் தொப்பிப் பக்கமும் பெரிய முரசின் அதிர்வும் நெஞ்சைத் தொட வேண்டும் என விரும்புபவர்க்கு அது போதாது.

இதன் காரணம் எளிது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அத்தகைய தாழ்ந்த ஒலியை எழுப்ப மிகுந்த காற்றை அசைக்க வேண்டும். உள்ளங்கை அளவுள்ள பெட்டியின் சிறு கூம்பால் அது இயலாது. ஆகையால் உற்பத்தியாளர் பெட்டியின் பக்கங்களில் மின்னிணைப்பு இல்லாத அதிர்தகடுகளைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தாலேயே அவற்றை அசையச் செய்கின்றனர்.

எடுத்துக்காட்டாக, ஒரே நிறுவனத்தின் இரு கருவிகளை ஒப்பிடுவோம். ஜே.பி.எல். கோ 3 என்பதன் எடை 209 கிராம், ஆற்றல் 4.2 வாட், அது எட்டும் தாழ்ந்த ஒலி 110 ஹெர்ட்ஸ், ஒருமுறை மின்னேற்றினால் 5 மணி நேரம் ஒலிக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. பிளிப் 6 என்பதன் எடை 550 கிராம். ஆற்றல் 30 வாட். தாழ்ந்த எல்லை 63 ஹெர்ட்ஸ். ஒலிக்கும் நேரம் 12 மணி. இவற்றுள் எது சிறந்தது என்று வினவுவது பொருந்தாது. தோட்பையில் ஒவ்வொரு கிராமையும் எண்ணிச் சுமப்பவர்க்கு முன்னது. இருபது பேர் கூடியமரும் சுற்றுலா விடுதி முற்றத்திற்குப் பின்னது.

வாட் என்னும் மயக்கம்

விளம்பரங்கள் பெரிய எழுத்தில் காட்டுவது வாட் எண்ணையே. ஆற்றலை இரு மடங்காக்கினால் ஒலியளவு 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். ஆதலின் 5 வாட் கருவியை விடுத்து 10 வாட் கருவிக்கு இரு மடங்கு விலை கொடுப்பவர், இரு மடங்கு ஒலியைப் பெறுவதில்லை.

இதனினும் மலிவான வழி ஒன்றுண்டு. திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலியளவு 6 டெசிபல் உயரும். கருவியை அருகில் வைத்துக்கொள்வதும், சுவரையொட்டி வைப்பதும் செலவில்லாத பெருக்கமாகும். மாணவர் கையிலுள்ள பணம் பெரும்பாலும் பெற்றோரின் உழைப்பு. அதனைத் தேவையற்ற வாட்டுகளுக்குச் செலவிடலாகாது.

மின்கலமும் நீர்க்காப்பும்

ஒலிக்கும் நேரம் பற்றிய கணக்கு, நடுத்தர ஒலியளவை வைத்துச் சொல்லப்படுவது. முழு ஒலியில் வைத்தால் நேரம் வெகுவாகக் குறையும். வான்வழிப் பயணம் செய்வோர், குறிப்பாக உம்ரா செல்வோர், மின்கலத்தின் வாட் மணி அளவை அறிந்திருத்தல் நலம். மில்லி ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 4800 மில்லி ஆம்பியர் மணியும் 3.6 வோல்ட்டும் உடைய மின்கலம் ஏறத்தாழ 17 வாட் மணி. விமானத்தில் தனி இசைவின்றிக் கொண்டு செல்லத்தக்க எல்லை 100 வாட் மணி. எனவே சிறு ஒலிபெருக்கிகளுக்கு அச்சமில்லை. ஆயினும் அவற்றைக் கைப்பையில் வைப்பதே முறை. வெயிலில் நிறுத்திய ஊர்தியினுள் விட்டுச்செல்வது மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும்.

ஐ.பி. 67 எனப் பொறித்திருப்பின் முதல் எண் தூசியையும் இரண்டாம் எண் நீரையும் குறிக்கும். 6 என்றால் தூசி புகாது. 7 என்றால் 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும். கடல்நீருக்கு இவ்வுறுதி இல்லை. கடற்கரையில் பயன்படுத்தினால் நன்னீரால் அலசி, நன்கு உலர்ந்த பின்னரே மின்னேற்றல் வேண்டும்.

பெரியோருக்கு வாங்கும்போது

பாட்டனாருக்கோ பாட்டியாருக்கோ வாங்குவதாயின் தேவை வேறாகிறது. புளூடூத் இணைப்பில் தடுமாறுவோர் பலர். அவர்தம் பாடல்கள் பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் இருக்கும். அவற்றைச் செருகும் வாயும், தொட்டு உணரத்தக்க பெரிய பொத்தான்களும், பண்பலை வானொலியும் உள்ள எளிய கருவி அவர்களுக்கு உகந்தது. அலைபேசி இணைப்புக் கிட்டாத மலைப்பாதையிலும் அது ஒலிக்கும்.

கடையில் செய்யத்தக்க சோதனை

நன்கு பழகிய பாடல் ஒன்றை அலைபேசியில் பதிந்து செல்க. முதலில் மெல்லிய ஒலியில் கேட்டு, சொற்கள் தெளிவாக உள்ளனவா எனக் காண்க. பின்பு தஃப் அடிக்கும் பகுதியை முழு ஒலியில் வைத்து, பெட்டி நடுங்குகிறதா, குரல் கரகரக்கிறதா எனக் காண்க. ஒலியளவு முக்கால் பங்கில் தெளிவாக ஒலிக்கும் கருவியே நம்பத்தக்கது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறியும், உத்தரவாதச் சீட்டும், யு.எஸ்.பி. சி வகை மின்னேற்ற வாயும் உள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்க.

அருகிருப்போர் உரிமை

இனிச் சொல்லப்போவது எந்த அட்டைப்பெட்டியிலும் அச்சிடப்படாதது. காதணி ஒலிப்பான் ஒருவர்க்கு மட்டும் ஒலிக்கும். ஒலிபெருக்கியோ கேட்க விரும்பாதவர்க்கும் ஒலிக்கும். இரயில் பெட்டியில் நம் எதிர் இருக்கையில் மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி இருக்கலாம்; விடிந்தால் தேர்வெழுதப் போகும் மாணவி இருக்கலாம்; இரவுப் பணி முடித்துக் கண்ணயரும் தொழிலாளி இருக்கலாம். நமக்கு இனிமையாய் இருப்பது அவர்களுக்கு வேதனையாகும். இரவு 10 மணிக்குப் பின் உரத்த இசையையும் உரத்த பேச்சையும் தடுக்குமாறு இந்திய இரயில்வே 2022இல் தன் பணியாளரை அறிவுறுத்த நேர்ந்தது. சட்டம் சொல்லித்தான் நாம் அடங்க வேண்டுமா என்பதே நம் வினா.

திருக்குர்ஆனின் அன்னிஸா அத்தியாயம், 36ஆம் வசனம், நன்மை செய்யப்பட வேண்டியவர் வரிசையில் பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் ஆகியோருடன் பக்கத்தில் இருக்கும் தோழரையும் சேர்க்கிறது. அது பயணத் தோழரைக் குறிக்கும் என விரிவுரையாளர் பலர் விளக்குவர். சில மணி நேரம் நம்மருகே அமர்ந்து, தம் நிலையத்தில் இறங்கிச் செல்லும் முகமறியாத மனிதருக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது எத்துணை நுண்ணிய அறம்! லுக்மான் அத்தியாயத்தின் 19ஆம் வசனமோ, குரலைத் தாழ்த்திக்கொள்ளுமாறு தந்தை மகனுக்குக் கூறிய அறிவுரையைத் தாங்கி நிற்கிறது. திருமறை வசனத்தையே ஒலிக்கச் செய்தாலும், உறங்குவோர் செவியில் அதனைத் திணிப்பது முறையன்று.

நம் செவிக்கும் நம்மீது உரிமை உண்டு. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த எல்லை. 90 டெசிபலானால் அது 4 மணி நேரமாகச் சுருங்கும். உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மனிதரிடம் அவை மீண்டும் முளைப்பதில்லை. இருபது வயதில் இழந்ததை எழுபது வயதில் எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

ஆகவே மாணவச் செல்வங்களே, சுமக்க எளியதாய், சொல் தெளிவாய், மின்கலம் நீடிப்பதாய், தேவைக்கு மிகாத விலையில் ஒன்றைத் தேர்ந்துகொள்க. தனி ஊர்தியிலும் திறந்த முற்றத்திலும் மகிழ்ந்து கேட்க. பொது ஊர்தியில் அருகிருப்பவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துக. அவர் தயங்கினால் காதணி ஒலிப்பானை எடுத்துக்கொள்க. அப்பொழுது நம் பாட்டு நமக்கும் இனிக்கும். நம்மை ஆளாக்கிய கல்லூரியின் பெயரும் நம்மால் சிறக்கும்.