நூற்றைந்தரைச் சுற்று

உங்கள் பள்ளித் திடலில் 200 மீட்டர் ஓடுபாதை இருக்குமானால், அதனை நூற்றைந்து முறை சுற்றிவிட்டு, மேலும் ஏறத்தாழ அரைச் சுற்று ஓடிப் பாருங்கள். அந்தத் தொலைவே அரை மாரத்தான். கணக்காகச் சொன்னால் 21.0975 கிலோமீட்டர். இந்தப் பின்னம் எங்கிருந்து வந்தது? 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினரின் மாடத்திற்கு முன்னால் முடிந்தது. அன்று ஓடிய 42.195 கிலோமீட்டரே 1921இல் மாரத்தானுக்குரிய அளவாக உறுதி செய்யப்பட்டது. அதில் சரிபாதி நம்முடையது.

தில்லி அரை மாரத்தான் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதில் ஓட வேண்டும் என்று நான் முடிவு செய்தபோது எனக்கு வயது நாற்பத்து நான்கு. பள்ளியின் மூன்றாம் மாடியிலுள்ள தமிழ் வகுப்பறைக்கு ஏறி வந்தால், மூச்சு அடங்கும்வரை வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பேன். பெயர்களைத் தேடுவதாக மாணவர்கள் நினைத்திருப்பார்கள்.

போட்டி அக்டோபரில். ஆகவே பயிற்சியை ஜூன் மாதமே தொடங்க வேண்டியிருந்தது. தில்லியின் ஜூன் வெயிலை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் பக்கமாக ஓடுவேன். என் மகன் மிதிவண்டியில் உடன் வருவான். முதல் வாரத்தில் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இவ்வாறு இருபது நிமிடம், வாரத்தில் மூன்று நாள். அவ்வளவுதான்.

புதிதாக ஓடத் தொடங்குவோர் செய்யும் முதற்பிழை விரைவாக ஓடுவது. நூறு மீட்டர் ஓட்டத்தையே பார்த்துப் பழகிய நமக்கு, ஓட்டம் என்றாலே விரைவுதான் நினைவுக்கு வருகிறது. நெடுந்தொலைவுப் பயிற்சியில் பெரும்பகுதி மெல்ல ஓடுவதே. மெல்ல ஓடும்போது தசைகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் குறைவின்றிக் கிடைக்கிறது. நாள்தோறும் பழகப் பழக, இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் குருதியின் அளவு கூடுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. உடல் கொழுப்பையும் எரிபொருளாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது.

எவ்வளவு மெல்ல? ஓடிக்கொண்டே பேச முடிய வேண்டும். இதற்கு எங்களுக்கு ஒரு குறள் போதுமானதாக இருந்தது. என் மகன் முதற்சீரை எடுத்துக் கொடுப்பான். முதலடியின் நான்கு சீர்களையும் நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் வேகம் சரி. நடுவில் மூச்சு அறுந்தால், “மெதுவா, அம்மா!” என்பான். எடுத்துக் கொடுக்க வேண்டுமே என்பதற்காக அவனும் முந்தைய இரவே புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. வீட்டில் இந்தியில் மட்டுமே பேசிவந்த பிள்ளை.

வாரத்தில் ஒருநாள் நீண்ட ஓட்டம் உண்டு. எங்களுக்கு அது ஞாயிறு. வாரந்தோறும் ஒரு கிலோமீட்டர் கூட்ட வேண்டும். நான்காம் வாரம் குறைத்து ஓட வேண்டும். இந்த ஒழுங்கை நான் மீறினேன். ஆறாம் வாரத்தில் மழை பெய்து குளிர்ந்திருந்த ஒரு காலை, ஏழு கிலோமீட்டரில் நிற்க வேண்டியவள் பதினொன்று ஓடினேன். மூச்சு வாங்கவே இல்லை, அதனால் ஏமாந்தேன். மறுநாள் முழங்காலுக்குக் கீழே, முன்புற எலும்பை ஒட்டி, தொட்டாலே வலித்தது. மூன்று வாரம் ஓடக்கூடாது என்றார் மருத்துவர். போட்டிக்குப் பணம் கட்டியாகிவிட்டது. எல்லாரிடமும் சொல்லியும் ஆகிவிட்டது! இந்த வயதில் இது வேண்டாத வேலையோ என்று பல இரவுகள் எண்ணினேன்.

அப்போதுதான் காரணத்தைப் படித்தறிந்தேன். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்புக்கும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணுக்கும் பல மாதங்கள் ஆகும். நாணுக்குக் குருதியோட்டம் குறைவு. ஆகவே மூச்சு ‘போகலாம்’ என்று சொல்லும்போது கால் ‘இன்னும் இல்லை’ என்று சொல்கிறது. எலும்பு வலுப்பெறுவது ஓடும் நாளில் அன்று, ஓய்வு நாளில். எனவே ஓய்வு நாளும் பயிற்சி நாளே.

மூன்று வாரம் கழித்து மீண்டும் நான்கு கிலோமீட்டரிலிருந்து தொடங்கினேன். நான் எட்டிய மிக நீண்ட பயிற்சி ஓட்டம் பதினாறு கிலோமீட்டர். பயிற்சியில் முழுத் தொலைவையும் ஓட வேண்டியதில்லை; கடைசி இரண்டு வாரங்கள் தொலைவைக் குறைத்து, கால்களைத் தெளியவிட வேண்டும். ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட ஓட்டங்களுக்கு எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் கலந்து எடுத்துச் செல்வோம். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் வெறும் தண்ணீரையே மிகுதியாகக் குடிப்பது தீங்கு. பருத்திக் காலுறை ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளம் உண்டாக்கும் என்பதை என் குதிகால் கற்பித்தது.

“நாங்களும் ஓடலாமா, மேடம்?” என்று எட்டாம் வகுப்பில் கேட்டார்கள். ஓடலாம், ஆனால் இந்தத் தொலைவை அன்று. பதினெட்டு வயது நிறைந்தவர்களையே தில்லிப் போட்டியில் சேர்க்கிறார்கள். உங்கள் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் இன்னும் முழுமையாக இறுகவில்லை. இரண்டு மூன்று கிலோமீட்டரை மெல்ல ஓடிப் பழகுங்கள். காற்று மாசு மிகுந்த நாள்களில் வெளியே ஓடவே வேண்டா.

போட்டி நாளில் பதினைந்து கிலோமீட்டர்வரை குறள் வந்தது. அதன்பின் சீர் வந்தது, அடி வரவில்லை. தண்ணீர் தரும் இடங்களில் நடந்தேன். மற்ற இடங்களில் ஓடினேன். இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம் ஆயிற்று. என்னைக் கடந்து சென்றவர்களுள் என்னினும் மூத்தவர்கள் பலர்.

மறுநாள் திங்கட்கிழமை. மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறிவிட்டேன். பள்ளி விட்டபின் இறங்கத்தான் முடியவில்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டும். களைத்த தசைக்கு ஏறுவதைவிட அது கடினம். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் என் பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, “மெதுவா, மேடம்” என்றார்கள்.