உங்களுக்குத் தெரியுமா? 25 நாள் கரண்ட் 5 நாளான கதை

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தபின் தரும் கதிர்வீச்சுக்கு (வார்டில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, அதேதான்) பல பத்தாண்டுகளாக ஒரே கணக்குதான் இருந்தது: நாளுக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு), 25 நாள், மொத்தம் 50 கிரே. சனி, ஞாயிறு போக ஐந்து வாரம். இன்று பிரிட்டனில் பலருக்கு இது ஐந்தே நாளில் முடிந்துவிடுகிறது.

★ மொத்தமாகத் தராமல் ஏன் பிரித்துத் தருகிறார்கள்? இதற்கான விடையில் ஆட்டுக்கடாவுக்கும் பங்குண்டு. 1920களில் பாரிஸில் கிளாடியஸ் ரெகோ என்பவர் கடாக்களின் விரைகளில் கதிர் பாய்ச்சிப் பார்த்தார். ஒரே தடவையில் மலடாக்க முயன்றபோது மேல்தோல் புண்ணாகிப் போனது. அதையே பல நாளாகப் பிரித்துக் கொடுத்தபோது தோல் தப்பியது, கடாவும் மலடானது. வேகமாகப் பெருகும் புற்றுச் செல்லுக்கும் இதே உத்தி பொருந்தும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

★ ஆனால், மார்பகப் புற்றுநோய் அந்தக் கணக்குக்கு முழுதாக அடங்கவில்லை. ஒவ்வொரு வேளையும் தரும் அளவைக் கூட்டினால், பக்கத்திலுள்ள நல்ல திசுவைப் போலவே புற்றுச் செல்லும் அடி வாங்குகிறது. ஆகவே வேளைக்குச் சற்று அதிகம், மொத்தத்தில் குறைவு என்று கொடுத்தாலும் பலன் குறைவதில்லை. ஐந்து நாள் முறையில் நாளுக்கு 5.2 கிரே வீதம் மொத்தம் 26 கிரேதான். 'பாதி மருந்துதானே கொடுத்தாங்க' என்று கவலைப்பட வேண்டியதில்லை.

★ கனடாவில் 1,234 பெண்களிடம் 16 நாள் முறையையும் 25 நாள் முறையையும் ஒப்பிட்டார்கள். பத்து ஆண்டு கழித்து, அதே மார்பில் நோய் திரும்பியது முறையே 6.2, 6.7 சதவீதம் பேருக்கு. 2010-இல் முடிவு வெளியானது. பிரிட்டன் அதற்கு முந்தின ஆண்டே தன் சோதனைகளை நம்பி 15 நாளுக்கு மாறிவிட்டது.

★ அமெரிக்காவோ மெத்தனமாக நகர்ந்தது. குறுகிய முறைக்குத் தகுதியுள்ளவர்கள் என்று வழிகாட்டுதலே சொன்ன பெண்களில்கூட, 2013-இல் அதைப் பெற்றவர்கள் 34.5 சதவீதம்தான். அங்கே கட்டணம் பெரும்பாலும் ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாக வசூலாகிறது. 25 பில் 16 ஆகக் குறைவதில் யாருக்குத்தான் அவசரம் இருக்கும்?

★ ஐந்து நாள் முறைக்குக் கதவைத் திறந்தது பிரிட்டனின் 'ஃபாஸ்ட் ஃபார்வர்ட்' சோதனை. 97 மருத்துவமனைகள், 4,096 பேர். ஐந்து ஆண்டில் நோய் திரும்பியது 15 நாள் முறையில் 2.1 சதவீதம், 26 கிரே ஐந்து நாள் முறையில் 1.4 சதவீதம். முடிவு லான்செட் இதழில் வந்தது 2020 ஏப்ரலில். கொரோனா பயத்தில் நோயாளிகளை எப்படி வாசல்படி ஏறவிடாமல் காப்பது என்று டாக்டர்கள் தவித்துக்கொண்டிருந்த நேரம். சாதாரணமாகப் பல ஆண்டு இழுக்கும் மாற்றம் சில வாரத்தில் நடந்தது.

★ ஒருவருக்கு 25 முறை ஓடும் மெஷின், அதே 25 முறையில் ஐந்து பேரைப் பார்த்துவிடும். காத்திருப்போர் பட்டியல் நீளமாக உள்ள ஊர்களில் இதைவிடப் பெரிய லாபம் வேறு இல்லை. வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்குபவருக்கு வாடகை, சாப்பாடு, துணைக்கு வந்தவரின் கூலி என மிச்சமாவது தனிக் கணக்கு.

★ கதிர் பாயும் நேரம் சில நிமிடமே. கையைத் தலைக்குமேல் தூக்கி வைத்துப் படுத்தபின், தோலில் பச்சை குத்திய சிறு புள்ளிகளோடு லேசர் கோட்டைப் பொருத்துவதில்தான் நேரம் போகிறது. இடது மார்பானால், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது உண்டு. நுரையீரல் விரியும்போது இதயம் கதிர் வழியிலிருந்து விலகுகிறது.

★ நம் நாட்டிலும் ஒரு வாரமா, மூன்று வாரமா என்று ஒப்பிடும் சோதனை உண்டு. கொல்கத்தா டாடா மெடிக்கல் சென்டர் தொடங்கிய 'ஹைபோர்ட் அட்ஜுவன்ட்' அது.

★ எல்லாருக்கும் ஐந்து நாள் பொருந்தாது. மார்பைச் சீரமைத்துக்கொண்டவர்களுக்கும், அக்குள் நெறிக்கட்டிக்குச் சேர்த்துக் கதிர் தேவைப்படுபவர்களுக்கும் டாக்டர் வேறு கணக்குப் போடலாம். கட்டி இருந்த இடத்துக்கு 'பூஸ்ட்' என்னும் கூடுதல் கதிர் வேண்டுமென்றால் நாள் கூடும்.

★ ஐந்து நாள் முறையில் தோல் சிவப்பது பெரும்பாலும் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனபிறகுதான். ஓரிரு வாரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு தணியும். எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று கடைசி நாளே நர்ஸிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.