பூட்டிய வீடும் புகைப்படமும்

2020-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாடெங்கும் 144 தடை உத்தரவு அமுலுக்கு வந்தது. மறுநாள் முதல் தேசம் முழுவதுமே கதவடைத்துக் கொண்டது. பள்ளிபாளையத்தில் விசைத்தறிகள் ஓய்ந்தன. நாமக்கல்லில் லாரிகள் சாலையோரம் வரிசை வரிசையாக நின்றன. பள்ளிக்கூட மணியும் அடிக்கவில்லை. அந்த நாட்களில் நமது சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் சில ஒரு புது விளையாட்டைப் பிடித்துக் கொண்டன. தினம் ஒரு தலைப்பு. பொழுது சாய்வதற்குள், வாசற்படியைத் தாண்டாமல், அந்தத் தலைப்புக்கு ஒரு புகைப்படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிவிட வேண்டும். ஒரு நாள் "நிழல்" என்பார்கள். மறுநாள் "தண்ணீர்" என்பார்கள். பிறகு "வெள்ளை", "கை" என்று போகும். பரிசு கிடையாது, நடுவரும் கிடையாது. ஆயினும் காலையில் தலைப்பு வந்து சேர்ந்துவிட்டால், பாட்டி முதல் பேரன் வரை அன்று முழுவதும் அதே தியானந்தான்!

"ஊர் தவிக்கிற சமயத்தில் படம் ஒரு கேடா?" என்று கேட்டவர்களும் உண்டு. அக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. வேலை இழந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளுடன் சொந்த ஊர் நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்ட காலம் அது. இவ்விளையாட்டு மறுவேளைச் சோற்றுக்குக் கவலையில்லாதவர்களின் விளையாட்டு என்பது வாஸ்தவமே. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. ஹாலந்து தேசத்தில் சிலர் தொடங்கிய வேடிக்கையைப் பின்பற்றி, அமெரிக்காவிலுள்ள கெட்டி கலைக்காட்சிசாலையார் அதே மார்ச்சு 25-ந் தேதி உலகத்தாருக்கு ஓர் அறைகூவல் விடுத்தனர். பிடித்தமான ஓவியம் ஒன்றை வீட்டில் கிடக்கும் மூன்று பொருள்களைக் கொண்டே நடித்துப் படமெடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நமக்கு ஐரோப்பிய ஓவியங்கள் எதற்கு? ரவிவர்மா இருக்கிறாரே! எனக்குத் தெரிந்த ஒரு பெண் அவருடைய தமயந்தியாக நின்றாள். அன்னப் பட்சிக்குத் தலையணை போதுமானதாயிருந்தது. லண்டனிலோ தேசிய உருவச் சித்திரசாலையார் அவ்வருஷம் மே, ஜூன் மாதங்களில் பொது ஜனங்களிடம் படம் கேட்க, 31,000-க்கு மேல் வந்து குவிந்தன. அவற்றில் 100 படங்களைப் பொறுக்கிக் காட்சியாக வைத்தார்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்டுதோறும் நகரங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, தம் எல்லைக்குள் உள்ள செடி கொடிகளையும் ஜீவராசிகளையும் படமெடுத்துப் பதிவு செய்யும் வழக்கம் 2016-ல் தோன்றியது. 2020-ல் ஏப்ரல் 24 முதல் 27 வரை அது நடந்தபோது, "இவ்வருஷம் போட்டியே வேண்டாம், முடிந்தவர்கள் முடிந்த இடத்தில் பாருங்கள்" என்று நடத்துவோரே சொல்லிவிட்டார்கள். அந்த நாட்களையொட்டித்தான், 26 முதல் 28 வரை, சேலம் நகரில் முழு ஊரடங்கு. வெளியே போக வழியில்லை. ஆனால் மொட்டை மாடியில் ஒரு வெள்ளை வேஷ்டியைக் கட்டி, அதன்முன் விளக்கொன்றை ஏற்றி வைத்தால், இரவு பத்து மணிக்குள் எத்தனை விதமான அந்துப் பூச்சிகள் வந்து உட்காருகின்றன தெரியுமா?

அடைபட்ட இடத்திலிருந்து படமெடுப்பது புகைப்படக் கலைக்குப் புதிதுமல்ல. இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய காமிராப் படமே, 1827-ம் வருஷத்தையொட்டி, பிரான்ஸ் தேசத்து நியெப்ஸ் என்பவர் தம் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்ததுதான். ஹிட்லரின் படை பிராகா நகரைப் பிடித்து வைத்திருந்த 1940-ல், முதல் மகாயுத்தத்தில் வலக்கையை இழந்த யோசெப் சூதெக் என்ற கலைஞர் தம் பட்டறையின் ஜன்னலையே படமெடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் படிந்த பனித்துளி, வெளியே கோணலாக ஒரு மரம், இவ்வளவுதான் விஷயம். 1954 வரை அந்த ஜன்னலை அவர் விடவில்லை.

"வெள்ளை" என்ற தலைப்பு வந்த நாளில் நாமக்கல் சீமை வீடுகளில் என்ன அகப்பட்டிருக்கும் என்று நேயர்கள் ஊகிக்கலாம். கோழியால் நோய் பரவுகிறது என்ற வதந்தியினால் முட்டை விலை விழுந்து, பண்ணைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த சமயம். ஆகவே முட்டைப் படங்கள் வந்து குவிந்தன. வெள்ளைத் துணியில் வெள்ளை முட்டையை வைத்துப் படமெடுப்பது சுலபமென்று எண்ண வேண்டாம். காமிரா எதைக் கண்டாலும் நடுத்தர வெளிச்சமாகவே கணக்குப் போடும். ஆகையால் முட்டை சாம்பல் பூசினாற்போல் விழும். திரையில் முட்டையின்மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, முட்டையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். அப்போது ஒரு புறம் ஒளியும், மறுபுறம் மெல்ல இறங்கும் நிழலுமாக அது உருண்டு திரண்டு நிற்கும். பத்து வயதுப் பையன் ஒருவன் நான்கு நாள் முயன்று இதைச் சாதித்தான். சித்திர வகுப்பில் ஒரு வருஷம் சொல்லியும் விளங்காத விஷயம் அது.

1858-ல் வெளியான ஓர் ஆல்பம் எனக்கு ஞாபகம் வருகிறது. கும்பினிச் சர்க்கார் நியமித்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற பட்டாளத்துத் துரை, மெழுகு ஊட்டிய காகிதத்தில் பிடித்த "ராயக்கோட்டை முதலிய சேலம் ஜில்லா இடங்கள்" அது. ராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. டிரைப் கைதேர்ந்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் நாடியவை மலையும் கோட்டையும் கட்டடமும். அசைகிற மனிதர் அந்தக் காகிதத்தில் பதிவதும் அரிது. நம் ஜில்லாவை ஆளவந்தவர் பார்த்த பார்வை அது. 2020-ல் நம்மவர் எடுத்த படங்களில் கோட்டை இல்லை. அம்மிக்கல் இருக்கிறது, குச்சிக்கிழங்கு உரிக்கிற அத்தை இருக்கிறாள்.

"கை" என்ற தலைப்புக்குச் சேலம் அம்மாபேட்டையில் ஒரு பேத்தி தன் தாத்தாவின் கையைப் படமெடுத்தாள். பட்டு நெசவாளியின் கை. பாவு அறுபடாமல் தறி சும்மா நிற்க, நாடாவைப் பிடித்தபடி இருந்தது. 2021 மே மாதத்து இரண்டாம் அலையில் அந்தப் பெரியவர் காலமானார். அவர் இருக்கும் மற்றப் படங்களெல்லாம் கலியாண குரூப் போட்டோக்கள். மூன்றாம் வரிசையில் பாதி முகம். அந்தக் கைப் படமோ பேத்தியின் பழைய செல்போனோடு போய்விட்டது. யாருக்கெல்லாம் அனுப்பியிருந்தாள் என்று நினைவுபடுத்தி, வீடு வீடாகக் கேட்டு, ஒரு மாத காலத்துக்குப்பின் ஒரு சிநேகிதியிடமிருந்து திரும்பப் பெற்றாள்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்ற ஏ. கே. செட்டியார், காந்தி மகானைப் பற்றிய படச்சுருள்கள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தமையால், கண்டம் கண்டமாக அலைந்து அவற்றைத் திரட்டி 1940-ல் முழுப்படமாக வெளியிட்டார். நமது தாத்தாக்களுக்காக அப்படி அலைய ஒரு செட்டியார் வரப்போவதில்லை. அந்தப் பேத்தி இப்போது படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறாள். பின்புறத்தில் பென்சிலால் தாத்தாவின் பெயர், அம்மாபேட்டை, தேதி, அதன் கீழே, "தறி நின்று முப்பதாம் நாள்."