நகர வானமும் ஒரு சிறு வடிகட்டியும்

கொழும்பில் நின்று இரவு வானத்தைப் பார்த்தால் அது கறுப்பாக இருப்பதில்லை. சாம்பலும் செம்மஞ்சளும் கலந்த ஒரு மங்கல் நிறமாகவே தெரியும். தெருவிளக்குகளில் இருந்து மேலே செல்லும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் நீர்த்துளிகளிலும் பட்டுச் சிதறித் திரும்பி வருவதே இதற்குக் காரணம். இந்த ஒளி மாசினால் சந்திரனுக்கோ வியாழனுக்கோ பெரிய பாதிப்பில்லை. நெபுலாக்களும் கலக்சிகளும்தான் அதில் மூழ்கிப்போகின்றன.

இதற்காகத் தொலைகாட்டியின் பார்வைத்துண்டில் திருகிப் பொருத்தும் வடிகட்டிகள் விற்கப்படுகின்றன. அவை நெபுலாவைப் பிரகாசமாக்கும் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் எந்த வடிகட்டியும் ஒளியைக் கூட்டாது, குறைக்கவே செய்யும். எந்த ஒளியைக் குறைக்கிறது என்பதில்தான் விடயம் இருக்கிறது.

1864 இல் வில்லியம் ஹகின்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலைகாட்டியினூடாகப் பார்த்தார். நட்சத்திரத்தின் ஒளியென்றால் வானவில் நிறங்கள் எல்லாம் விரிந்திருக்கும். அவர் கண்டதோ பச்சைப் பக்கத்தில் ஓரிரு கோடுகள் மட்டுமே! பூமியில் அறிந்த எந்த மூலகத்துக்கும் அது பொருந்தவில்லை. எனவே 'நெபுலியம்' என்று இல்லாத ஒரு மூலகத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 1927 இல்தான் ஐரா போவென் என்ற அமெரிக்கர் புதிரை விடுவித்தார். அது நாம் சுவாசிக்கும் அதே ஒட்சிசன். இரண்டு இலத்திரன்களை இழந்த நிலையில், மிகமிக ஐதான வாயுவாக இருக்கும்போது 495.9, 500.7 நானோமீற்றர் அலைநீளங்களில் ஒளிர்கிறது.

ஒட்சிசன் வடிகட்டி இந்த இரு கோடுகளும் அடங்கிய ஒடுங்கிய பட்டையை மட்டுமே உள்ளே விடும். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி 589 நானோமீற்றர் அளவில் இருப்பதால் வெளியே நின்றுவிடும். வானம் கறுக்க, நெபுலா தனித்துத் தெரியும். இருளுக்குப் பழகிய நமது கண்ணும் 500 நானோமீற்றர் அளவிலேயே கூடிய உணர்திறன் கொண்டது என்பது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஜனவரியில் உச்சிக்கு அருகே வரும் ஒரியன் நெபுலாவில் இந்த வேறுபாட்டை நன்கு காணலாம். குறைந்த உருப்பெருக்கத்தையே பயன்படுத்த வேண்டும். (இந்த வடிகட்டியால் ஒருபோதும் சூரியனைப் பார்க்கக்கூடாது. கண் பறிபோகும்.)

இப்போது வீதிகளில் வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகள் பெருகிவிட்டன. அவற்றின் ஒளி எல்லா நிறங்களிலும் பரந்திருப்பதால், மஞ்சள் ஒளியை மட்டும் வெட்டும் மலிவான வடிகட்டிகளால் பெரிய பயனில்லை. ஒடுங்கிய பட்டை வடிகட்டிகளே இன்னும் கைகொடுக்கின்றன. பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிப்பது நல்லது.

கலக்சிகளின் கதை வேறு. அவை கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி. எல்லா நிறமும் அதில் உண்டு. வடிகட்டியைப் போட்டால் வானத்தோடு சேர்ந்து கலக்சியும் மங்கிவிடும். 964 ஆம் ஆண்டளவில் பாரசீகத்தின் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி வெறுங்கண்ணால் கண்டு 'சிறிய முகில்' என்று எழுதிய அந்திரொமீடா கலக்சியை, எந்தக் கண்ணாடியாலும் கொழும்பு வானத்துக்குத் திருப்பிக் கொண்டுவர முடியாது. விளக்குகள் குறைந்த ஊரொன்றில், டிசம்பர் தொடக்கத்தில், மழை விட்ட, நிலவில்லாத ஓரிரவு எட்டு மணியளவில், முற்றத்து விளக்கை அணைத்து இருபது நிமிடம் கண்ணைப் பழகவிட்டு வடக்கே உயரப் பாருங்கள். அங்கே வடிகட்டி தேவைப்படாது.