ரயிலுக்குப் பதில் பஸ் வரும் நாள்

ஒஸ்லோவின் தென்புறத்தில் இருக்கும் ஹொல்ம்லியாவிலிருந்து நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எல் 2 ரயிலைத்தான் நம்பியிருக்கிறார்கள். கோடையில் தண்டவாள வேலை நடக்கும்போது ரயில் நின்று, மாற்றுப் பஸ் ஓடும். பெரியவர்கள் முகம் சுளித்துவிட்டு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். ஓட்டிசம் உள்ள நான்கு வயதுக் குழந்தைக்கு அது அவ்வளவு எளிதல்ல. எப்போதும் வரும் ரயில் வராததே அதன் முழு நாளையும் குலைத்துவிடக்கூடும். குழந்தை நிலையத்தில் படுத்து அழும். "செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டினம்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லும்போது தாயும் தகப்பனும் கூனிக் குறுகிப் போவார்கள்.

அது வளர்ப்பின் குறையல்ல. மாற்றத்தை ஏற்கும் திறன் அந்தக் குழந்தையிடம் மெதுவாகவே வளர்கிறது. அதை வளர்க்கத் துணை தேவை.

மூளை தடம் மாறும் விதம்

அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, எல்லாம் மாறாமல் அப்படியே இருக்கவேண்டும் என்ற அவர்களின் தவிப்பைக் குறிப்பிட்டார். 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டிலும் இது ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக உள்ளது.

தடம் மாறும் திறனை அளக்க உளவியலாளர்கள் ஓர் எளிய விளையாட்டை வைத்திருக்கிறார்கள். அட்டைகளை முதலில் நிறப்படி பிரிக்கவேண்டும், பிறகு உருவப்படி. மூன்று வயதில் பெரும்பாலான குழந்தைகள் விதி மாறிய பிறகும் நிறப்படியே பிரிப்பார்கள். ஐந்து வயதளவில் பலருக்கும் அது கைவந்துவிடும். ஓட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இதற்குக் கூடுதல் காலம் எடுக்கிறது. சத்தம், வெளிச்சம், மனிதர்களின் பேச்சு எல்லாமே முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி வந்து மோதும்போது, மாறாத வழக்கம்தான் அவர்களுக்குப் பிடிமானம்.

முதலில் உறுதி, பிறகு மாற்றம்

வழக்கத்தைத் திடீரென்று உடைத்து 'பழக்குவது' பிழையான வழி. நாள் எப்படிப் போகும் என்று குழந்தைக்கு முதலில் தெரியவேண்டும். ஓட்டிசம் உள்ளவர்களுக்காக எரிக் ஸ்கோப்லர் அமெரிக்காவின் வட கரோலினாவில் 1970களில் உருவாக்கிய முறையில் படங்களாலான நாளட்டவணைக்கு முக்கிய இடம் உண்டு. காலைச் சாப்பாடு, உடுப்பு, ரயில், பாலர் பள்ளி என்று படங்கள் வரிசையாக இருக்கும். இதையே வீட்டுச் சுவரிலும் ஒட்டலாம். ரயில் நிற்கும் என்று தெரிந்தால், முதல் நாளே ரயில் படத்தைக் கழற்றி பஸ் படத்தைக் குழந்தையின் கையாலேயே ஒட்டவைக்கலாம்.

அதன் பிறகு சிறிய மாற்றங்களுக்குப் போகலாம். இனிமையானவற்றில் தொடங்குவது நல்லது. அட்டவணையில் ஒரு கேள்விக்குறி அட்டையை வைத்து, அந்த நேரத்தில் குழந்தைக்குப் பிடித்த ஒன்றைச் செய்தால், எதிர்பாராதது என்றாலே பயம் என்ற எண்ணம் தளரத் தொடங்கும்.

லோரன் கென்வொர்த்தியும் சகாக்களும் வாஷிங்டனில் உருவாக்கிய பயிற்சியில் 'முதல் திட்டம், இரண்டாம் திட்டம்' என்று பேசுவதே ஒரு கருவி. தொடக்கப்பள்ளி வயதுள்ள 67 குழந்தைகளுடன் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், இப்பயிற்சி பெற்றவர்கள் வகுப்பில் ஒரு செயலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினார்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பெரியவர்களே இதைப் பேசிக் காட்டலாம். "பிட்டுக்கு வாழைப்பழம் இல்லை. சரி, இரண்டாம் திட்டம்: சீனி போடுவம்." வீட்டிலும் பாலர் பள்ளியிலும் ஒரே சொற்கள் இருந்தால் குழந்தை விரைவாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அழுது துடிக்கும் நேரம் பாடத்துக்கானதல்ல. அப்போது சத்தத்தைக் குறைத்து, அருகில் இருந்தாலே போதும்.

கார்களை வரிசையாக அடுக்குவது போன்ற, யாருக்கும் தீங்கில்லாத பழக்கங்களை விட்டுவிடுங்கள். குழந்தையை மற்றவர்களைப் போலக் காட்டுவதற்காக அதன் மகிழ்ச்சியைப் பறிக்கக்கூடாது.

தமிழைக் கைவிடவேண்டாம்

'இரண்டு மொழி குழப்பும்' என்று அஞ்சி வீட்டில் தமிழை நிறுத்தும் பெற்றோர் உண்டு. அந்த அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. மொன்ட்ரியாலின் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது. ஓட்டிசம் உள்ள, 6 முதல் 9 வயதுவரையான குழந்தைகளில் இருமொழி பேசியவர்கள், மேலே சொன்ன அட்டை விளையாட்டில் விதி மாறியபோது ஒருமொழிக் குழந்தைகளைவிட நன்றாக ஈடுகொடுத்தார்கள். ஆய்வு சிறியதுதான். ஆனாலும் அம்மம்மாவோடு பேசும் மொழியைக் குழந்தையிடமிருந்து எடுக்க எந்தக் காரணமும் இல்லை என்பதற்கு அது போதும்.

எங்கே கேட்பது

நோர்வேயில் எல்லாக் குழந்தைகளையும் சுகாதார நிலையத்தில் 2 வயதிலும் 4 வயதிலும் பார்ப்பார்கள். அந்தச் சந்திப்பில் கவலையை ஒளிக்காமல் சொல்லுங்கள். 'பே-பே-தே' எனப்படும் கல்வி-உளவியல் சேவையைப் பெற்றோரே நேரடியாக அணுகலாம். பாலர் பள்ளி வயதில் விசேட கல்வி உதவி பெற, ஓட்டிசம் என்ற மருத்துவ முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குழந்தைக்கு ஆறு வயது நிறையும் ஆண்டின் ஆகஸ்டில் பள்ளி தொடங்கும். புதிய கட்டடம், புதிய ஆசிரியர் என்ற அந்தப் பெரிய மாற்றத்துக்கு வசந்த காலத்திலேயே பள்ளியைப் போய்ப் பார்த்துப் படமெடுத்து வைப்பது உதவும்.

நோர்வேஜிய மொழி தயக்கம் தந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, தேவையான இடத்தில் தகுதியுள்ள ஒருவரை ஏற்பாடு செய்வது அரச சேவைகளின் கடமை. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லவேண்டாம்.