ஆசிரியரின் மேற்படிப்புக்கு யார் செலவு செய்வது?

மலாயாவில் தமிழ்க் கல்வி தொடங்கிய இடம் பினாங்கு. 1816 அக்டோபர் 21-ஆம் தேதி பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்துதான் அந்தக் கணக்கை எண்ணுகிறோம். இன்று இந்த மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கட்டடத்துக்கும் கணினிக்கும் பாலர் வகுப்புக்கும் பணம் திரட்ட நமக்குத் தெரியும். அந்தப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர் முதுகலைப் பட்டமோ முனைவர் பட்டமோ படிக்க விரும்பினால் அதற்கு யார் செலவு செய்வது என்ற கேள்வியை மட்டும் அவருடைய சொந்த விவகாரமாக விட்டுவிட்டோம். “உபகாரச் சம்பளம் எங்கே கிடைக்கும்?” என்று அவரும் கட்டணத்துக்கு வழி தேடி அலைகிறார். ஆசிரியரின் மேற்படிப்பில் கட்டணம் சின்னச் செலவுதான். பெரிய செலவு நேரம். எந்த உதவியைத் தேடுவது, எதை முதலில் கேட்பது என்பதெல்லாம் இதைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 4,000 வெள்ளி சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவர் சம்பளமில்லா விடுப்பில் ஓராண்டு முழுநேரமாகப் படிக்கப் போனால் அவர் இழப்பது 48,000 வெள்ளி. வீட்டுக் கடனும் கார் தவணையும் பிள்ளைகளின் செலவும் அந்த ஓராண்டுக்கு நிற்பதில்லை. பொதுப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முதுகலைக்குக் கட்டும் கட்டணத்தை இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்தால் எது சுமை என்று தெரியும். அதனால் கட்டணத்தை முழுவதும் ஏற்கும் உபகாரச் சம்பளத்தைவிட, கட்டணத்தில் ஒரு காசும் தராமல் முழுச் சம்பளத்துடன் விடுப்பு தரும் ஏற்பாடு ஓர் ஆசிரியருக்கு மதிப்பு மிக்கது. இரண்டும் சேர்ந்து கிடைத்தால் அதைவிடப் பெரிய உதவி இந்த நாட்டில் அவருக்கு இல்லை.

அப்படி இரண்டையும் சேர்த்துத் தருவதுதான் ‘ஹாடியா லாத்திஹான் பெர்செக்குத்துவான்’. எச்.எல்.பி. என்று ஆசிரியர் அறைகளில் சொல்வார்கள். நிரந்தரப் பணியில் உறுதி செய்யப்பட்ட கல்விச் சேவை அதிகாரிகளுக்குக் கல்வி அமைச்சு இதை வழங்குகிறது. முழுச் சம்பளத்துடன் கல்வி விடுப்பு, கூடவே உபகாரச் சம்பளம் என்பது இதன் முதன்மை வடிவம். உபகாரச் சம்பளம் இல்லாமல் முழுச் சம்பள விடுப்பு மட்டும் பெறும் வழியும், வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்பவருக்கு உதவும் வழியும் உண்டு. முதல் வடிவம் கிடைக்கவில்லை என்றதும் பலர் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். மற்ற வழிகளையும் விசாரித்துப் பார்ப்பது பயன் தரும். விண்ணப்பம் ஆண்டுக்கொரு முறை, இணையம் வழி, குறுகிய காலத்துக்கே திறந்திருக்கும். அந்தச் சில வாரங்களில் ஆவணம் தேடத் தொடங்குபவர் பெரும்பாலும் தோற்றுப்போகிறார். ஆண்டுப் பணி மதிப்பீட்டில் மூன்று ஆண்டுச் சராசரி 85 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. சொத்து அறிவிப்பு ஐந்தாண்டுக்குள் புதுப்பித்ததாக இருக்க வேண்டும். தலைமையாசிரியர் ஆதரவு தர வேண்டும். அமைச்சு தனக்குத் தேவை என்று கருதும் துறைகளுக்குள் படிப்பு அமைய வேண்டும். நன்றாகப் பாடம் நடத்துகிறவர், ஆராய்ச்சித் தலைப்பும் தயார், ஆனால் சொத்து அறிவிப்பு ஏழாண்டுக்கு முந்தையது என்றால் அந்த ஒரு தாளே அவரைத் தடுத்துவிடும். எனவே மேற்படிப்பு எண்ணம் உள்ள ஆசிரியர் பல்கலைக்கழகத்தைத் தேடுவதற்கு ஓராண்டு முன்பே தன் பணிக் கோப்பைச் சரிபார்க்க வேண்டும். தனக்குப் பிடித்த தலைப்பை முடிவு செய்துவிட்டு அது பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பட்டியலைப் பார்த்துவிட்டு அதற்குள் தன் ஆர்வத்தைப் பொருத்திக்கொள்வது விவேகம்.

முழுநேர விடுப்பு எல்லாருக்கும் கிடைக்காது. சிறிய தமிழ்ப்பள்ளியில் ஆறேழு ஆசிரியர்களே இருக்கும்போது ஒருவர் போனால் அந்த வகுப்பை யார் பார்ப்பது என்று தலைமையாசிரியர் தயங்குவது நியாயமே. அங்கேதான் பகுதிநேரப் படிப்பு வருகிறது. இந்த வழியிலும் பினாங்குக்கு ஒரு முன்னோடி வரலாறு உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969-இல் தன் முதல் வகுப்புகளை நடத்தியது குளுகோரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வளாகத்தில். மிண்டனுக்கு இடம் மாறிய 1971-ஆம் ஆண்டிலேயே, வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கும் வெளிவளாகத் திட்டத்தையும் அது தொடங்கியது. பகலில் பள்ளி, இரவில் பாடநூல் என்று பட்டதாரியான ஆசிரியர் தலைமுறை ஒன்று அதன் வழியாக உருவானது. இன்று ஜார்ஜ்டவுன் சுல்தான் அகமது ஷா சாலையில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வேலை செய்வோருக்கு முதுகலைக் கல்வியியல் நடத்துகிறது. ஆனாலும் பகுதிநேரப் படிப்பு நேரச் செலவை ஒழிப்பதில்லை. ஆசிரியரின் மாலைகளுக்கும் வார இறுதிகளுக்கும் அதை மாற்றிவைக்கிறது. நிபோங் தெபாலில் பணியாற்றும் ஆசிரியர் புறப்பாட நடவடிக்கையை முடித்து, பாலத்தின் நெரிசலைக் கடந்து மிண்டனுக்கு வந்து சேரும்போது அவரிடம் மிச்சமிருக்கும் தெம்பு எவ்வளவு? முதுகலையைத் தொடங்கி ஆய்வேட்டில் நின்றுபோகிறவர்களைச் சோம்பேறிகள் என்று எண்ணுவது பெரும் தவறு. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆய்வேட்டை எழுதி முடிக்க இரண்டு மூன்று மாதம் மட்டுமே.

மற்ற வழிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பல்கலைக்கழகங்கள் தரும் ஆய்வு உதவித்தொகை பெரும்பாலும் முழுநேர ஆராய்ச்சி மாணவருக்கு உரியது. சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கு அது பொருந்துமா என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். முதுகலை, முனைவர் படிப்புகளுக்காக அரசு கொண்டுவந்த மைபிரேய்ன்15 திட்டத்தில் சில ஆண்டுகளுக்குப் பிறகு புதிய விண்ணப்பம் நின்றுபோனது; 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மைபிரேய்ன் 2.0 என்ற பெயரில் அது திரும்பி வந்திருக்கிறது. நிபந்தனைகள் சுற்றுக்குச் சுற்று மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை மட்டுமே நம்ப வேண்டும். பி.டி.பி.டி.என். கடன் டிப்ளோமாவுக்கும் முதல் பட்டத்துக்கும் உரியது. தனியார் பள்ளி, தனியார் பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கு எச்.எல்.பி. கதவு இல்லை. ஆனால் அவர்களுக்கு ஊழியர் சேமநிதி இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து மூன்றாகப் பிரிந்த கணக்கில் சந்தாவின் 15 விழுக்காடு சேரும் ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம். முதுமைக்கான பணம் என்பதால் இதைக் கடைசி வழிகளில் ஒன்றாகவே வைக்க வேண்டும். சொந்தப் பணத்தில் படிப்பவர்கள் மறந்துவிடும் ஒன்று வருமான வரி விலக்கு. முதுகலையும் முனைவர் பட்டமும் எந்தத் துறையாக இருந்தாலும் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை விலக்குக் கோரலாம். இது கைக்கு வரும் 7,000 அல்ல. வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி உள்ளவர் 11 விழுக்காட்டுப் படிநிலையில் இருப்பதால் 770 வெள்ளி மிச்சப்படும். சிறிய தொகைதான், இரண்டு மூன்று ஆண்டு சேர்ந்தால் ஒரு பருவக் கட்டணத்துக்குக் கணிசமாக உதவும். கட்டண ரசீதைப் பத்திரப்படுத்தினால் போதும்.

ஆசிரியருக்கு மிக எளிதாகக் கிடைக்கும் பணம் எது தெரியுமா? சம்பளத்தில் நேரடியாகக் கழிக்கப்படும் தனிநபர் கடன். அங்காசா கழிவு என்றால் எல்லாருக்கும் தெரியும். மொத்தக் கழிவு சம்பளத்தின் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருக்கிறது. அந்த வரம்பை ஒட்டியே வாழும் குடும்பங்களும் இருக்கின்றன. இந்தக் கடனில் முதுகலை படிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பள்ளி ஆசிரியரின் பதவி உயர்வு பெரும்பாலும் பணிக்காலத்தையும் பணி மதிப்பீட்டையும் பொறுத்தது. பட்டம் வாங்கினால் மறுமாதமே சம்பளம் ஏறும், அதில் கடனை அடைத்துவிடலாம் என்று நினைத்துத் தொடங்குபவர் ஏமாந்துபோவார். தமிழ்நாட்டில் கூடுதல் பட்டம் பெற்ற ஆசிரியர்களுக்கு நீண்ட காலம் ஊக்க ஊதிய உயர்வு கிடைத்துவந்தது. 2020 மார்ச்சில் அதையும் அரசு நிறுத்தி, பிறகு ஒருமுறை மட்டும் தரும் தொகையாக மாற்றிவிட்டது. சம்பள உயர்வை நம்பிக் கடன் வாங்குவது எந்த நாட்டிலும் நிச்சயமில்லாத கணக்கு.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபம் எழும். முதுகலை படித்த ஆசிரியரிடம் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்களா? அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகள் ‘பொதுவாக அப்படி இல்லை’ என்றே சொல்கின்றன. பட்டம் வாங்கியதாலேயே ஒருவர் நல்லாசிரியர் ஆகிவிடுவதில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆய்வு மரபில் டேன் கோல்ட்ஹேபரும் டொமினிக் புரூவரும் 1997-இல் இன்னொன்றைக் கவனித்தார்கள். கணிதத்திலேயே முதுகலை பெற்ற ஆசிரியரிடம் படித்த மாணவர்கள் கணிதத்தில் கூடுதலாகத் தேறினார்கள். படித்தது என்ன, நடத்துவது என்ன என்ற பொருத்தமே அங்கே வேறுபாட்டைத் தந்தது. ஃபின்லாந்து 1970-களின் இறுதியிலிருந்து தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் முதுகலையை அடிப்படைத் தகுதியாக வைத்திருக்கிறது. அங்கே அந்தப் படிப்பின் மையம் வகுப்பறையை ஆராயும் பயிற்சி. 2022 பீசா தேர்வில் மலேசிய மாணவர்கள் கணிதத்தில் 409 புள்ளியும் வாசிப்பில் 388 புள்ளியும் எடுத்தார்கள். வாசிப்பிலும் கணிதத்திலும் ஆழமாகப் படித்த ஆசிரியர்கள் நமக்கு எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே எந்த முதுகலைக்கும் பணம் தர வேண்டும் என்று நான் வாதாடவில்லை. தமிழ் கற்பித்தல், தொடக்கநிலை வாசிப்பு, கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி என்று வகுப்பறைக்குத் திரும்பும் படிப்புக்கு உதவி முதலில் போக வேண்டும். உப்சி பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி படிக்க நினைக்கும் பினாங்கு ஆசிரியர் தஞ்சோங் மாலிம் வரை போய்வர வேண்டும் என்பதையும் உதவித்தொகை தருபவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் சமுதாய நிதியைப் பற்றியது. முதல் பட்டத்துக்கே வழியில்லாத பிள்ளைகள் இருக்கும்போது மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கு ஏன் தர வேண்டும்? அறவாரியங்களின் மனத்தில் இருக்கும் கேள்வி இது, கேட்பது சரியே. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் ஆண்டுதோறும் உயர்கல்வி மாணவர்களுக்கு உதவுகிறது. எம்.ஐ.இ.டி. கல்வி அமைப்பு 1984 முதல் ஆயிரக்கணக்கான மாணவர்களைக் கைதூக்கிவிட்டிருக்கிறது. அந்தப் பணத்தைப் பறித்து ஆசிரியருக்குக் கொடுங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 30 பிள்ளைகள் உள்ள வகுப்பை இருபது ஆண்டு நடத்தப்போகும் ஓர் ஆசிரியருக்குச் செய்யும் உதவி 600 பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது. அதற்குத் தேவைப்படும் தொகையும் சிறியது. சம்பளம் அரசிடமிருந்து வருவதால் வாரியம் தர வேண்டியது ஒரு பருவக் கட்டணம், ஆய்வுக்கான பயணச் செலவு, ஆய்வேட்டை நூலாகக் கட்டும் செலவு, அவ்வளவுதான்.

படித்து முடித்ததும் அவர் விரிவுரையாளராகவோ இலாகா அதிகாரியாகவோ போய்விட்டால் பணம் வீண்தானே என்று கேட்பார்கள். அதற்கு ஒப்பந்தம் போடலாம். எச்.எல்.பி.யிலேயே சேவை ஒப்பந்தம் இருக்கிறது. படிப்பை முடிக்காதவர் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். அமெரிக்காவின் டீச் மானியம், வறிய பகுதிப் பள்ளியில் எட்டாண்டுக்குள் நான்காண்டு பணிசெய்யாதவருக்குக் கடனாக மாறிவிடும். பணிசெய்துகொண்டிருந்தவர்களுக்கே ஆண்டுச் சான்றிதழ் தாமதமானதால் மானியம் கடனாகி, அரசு பின்னால் அதைத் திருத்த வேண்டி வந்ததும் நடந்தது. ஒப்பந்தம் வேண்டும், அதன் நிபந்தனை எளிய தமிழில், ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஆசிரியரும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எத்தனை ஆண்டு, எந்தப் பள்ளியில், நோயோ மாற்றலோ வந்தால் என்ன, ஜாமீன்தாரர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் பினாங்கில் இருக்கும் ஆசிரியர் கல்விக் கழக வளாகங்களில் விரிவுரையாளராகி நாளைய தமிழ் ஆசிரியர்களை உருவாக்கினால் அதையும் இழப்பாக எண்ண வேண்டியதில்லை.

பினாங்கில் உள்ள அறவாரியங்களுக்கும் தமிழ்ப்பள்ளி வாரியங்களுக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு உதவி விண்ணப்பப் பாரம் அச்சிடும்போது ‘பணியில் உள்ள ஆசிரியரின் முதுகலைப் படிப்பு’ என்று ஒரு பிரிவைச் சேருங்கள். ஆண்டுக்கு ஐந்து பேருக்கு ஆய்வேட்டுக் காலச் செலவைக் கொடுத்தாலும் தொடக்கமாகப் போதும். தலைமையாசிரியர்கள், உங்கள் பள்ளியில் யாருடைய சொத்து அறிவிப்பு காலாவதியாகியிருக்கிறது என்று இந்த மாதமே பாருங்கள். படிக்க நினைக்கும் ஆசிரியர்கள், எச்.எல்.பி. அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் மூன்றாண்டு மதிப்பீட்டு மதிப்பெண்ணை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் விடுப்பைக் கேளுங்கள், பிறகு கட்டணத்தைக் கேளுங்கள், கடனை ஆகக் கடைசியில் வையுங்கள்.