புரை முத்தட்டும்னு காத்திருந்தா என்ன ஆகும்?

இந்த எபிசோட் கண்புரை பத்தி. ஆபரேஷனைப் பத்தி நிறைய பேர் பேசியிருக்காங்க, அதனால நான் அதுக்கு முன்னாடி நடக்கிற அளவெடுப்பைப் பத்தி மட்டும் பேசப் போறேன்.

போன வருஷம் அப்பத்தாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். "புரை இன்னும் முத்தலைடா, முத்தட்டும், பாத்துக்கலாம்" என்று மூணு வருஷமா தள்ளிப்போட்டவர். நாங்களும் விட்டுட்டோம். அங்கே ஒரு மெஷின் முன்னால் தாடையை வைக்கச் சொன்னார்கள். "பாட்டிம்மா, உள்ள தெரியுற வெளிச்சத்தையே பாருங்க." இடது கண் சில வினாடிகளில் முடிந்தது. வலது கண்ணுக்கு எர்ரர். மறுபடி எர்ரர். நாலாவது தடவைக்குப் பிறகு, "இதுல வராதுங்க, ஸ்கேன்லதான் எடுக்கணும்" என்று சொல்லிட்டு, பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தாங்க.

எர்ரர் வந்தா காரணம் தெரியாமல் தூக்கம் வராத தொழில் நம்முடையது. தேடிப் படிச்சதில் கிடைத்ததுதான் இன்னைக்குக் கதை.

முதலில் எதை அளக்கிறார்கள்? ஆபரேஷனில் மங்கிப்போன நம்ம சொந்த லென்ஸை எடுத்துட்டு ஒரு செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். எந்தப் பவரில் வைப்பது என்பது முக்கியமா ரெண்டு எண்களைப் பொறுத்தது. ஒன்று, கருவிழியின் வளைவு. இன்னொன்று, கருவிழியிலிருந்து விழித்திரை வரைக்கும் கண்ணின் நீளம். நீளம் பெரும்பாலானவர்களுக்கு 23, 24 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். இதில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் பார்வை இரண்டரை டயாப்டருக்கு மேல் தப்பும். ஒரு ஏ.டி.எம். கார்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். அந்த அளவு பிசகினாலே கண்ணாடி பவர் கிட்டத்தட்ட 2 வந்து நிற்கும்!

இதுக்கு ஒரு பழைய சாட்சி இருக்கு. 1949-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர்தான் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்கும் சிகிச்சையை முதன்முதலில் தொடங்கினார். போர் விமானிகளின் கண்ணில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்து, எந்தத் தொந்தரவும் தராமல் தங்கியதைப் பார்த்து வந்த யோசனை. லென்ஸ் உள்ளே வைக்க முடியும் என்று நிரூபித்துவிட்டார், ஆனால் முதல் நோயாளிக்கு மைனஸ் 18 பக்கம் கிட்டப்பார்வை வந்துவிட்டது. இயற்கை லென்ஸின் வடிவத்தை அப்படியே பிளாஸ்டிக்கில் செய்திருந்தார்கள். பிளாஸ்டிக் ஒளியை அதைவிட அதிகமாக வளைக்கும். லாஜிக் சரி, கான்ஸ்டன்ட் தப்பு.

சரி, அப்பத்தா எர்ருக்கு வருவோம். அந்த முதல் மெஷின் கண்ணைத் தொடாது. அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பி, விழித்திரையில் பட்டுத் திரும்புவதை வைத்து நீளத்தைக் கணக்கிடும். இந்த வகை 1999 வாக்கில் ஐஓஎல்மாஸ்டர் என்ற பெயரில் வந்தது. மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு வரைக்கும் துல்லியம். ஒரே நிபந்தனை, ஒளி புரையைத் தாண்டி உள்ளே போய், அதே புரையைத் தாண்டி வெளியே வரணும். புரை ரொம்ப முத்திட்டா வராது. புது மெஷின்கள் இன்னும் நீளமான அலையைப் பயன்படுத்துவதால் முன்பு தோற்ற பல கண்களில் ஜெயிக்கின்றன. ஆனாலும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்த புரை அதையும் திருப்பி அனுப்பும்.

அப்போதான் ஒலி. அல்ட்ராசவுண்டுக்குப் புரை ஒரு தடையே இல்லை. எதிரொலி வர ஆகும் நேரத்தில் பாதியை வேகத்தால் பெருக்கினால் தூரம். கண்ணுக்குள் இருக்கும் திரவத்தில் ஒலி நொடிக்கு 1532 மீட்டர், லென்ஸில் 1641 மீட்டர் போகும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், அந்தப் பேனா முனை கருவிழியைத் தொடும். கொஞ்சம் அழுத்தினாலும் கண் குட்டையா அளக்கப்படும், மெஷின் அதிகப் பவர் லென்ஸைச் சொல்லும், ஆபரேஷனுக்குப் பிறகு கிட்டப்பார்வை வரும். அழுத்தாமல் இருக்க கண்மேல் ஒரு சின்னக் கிண்ணம் வைத்து, திரவம் ஊற்றி அளக்கும் முறையும் உண்டு.

ஆக, புரை முத்தட்டும்னு காத்திருந்தவங்களுக்குத்தான் துல்லியம் குறைந்த அளவு கிடைக்கிறது. அந்தப் பேச்சு வந்ததுக்கும் காரணம் இருக்கு. ஒரு காலத்தில் லென்ஸை முழுசா பிடுங்கிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். பார்வை அடியோடு போன பிறகு செய்தால்தான் அதில் லாபம். இப்போ அந்தக் கணக்கு செல்லாது.

நீளத்தை மட்டும் இல்லை, லென்ஸையும் படம் எடுக்கலாம். லென்ஸின் குறுக்குவெட்டைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால் முன்பக்கம் தெளிவாக இருக்கும்போது பின்பக்கம் மங்கும். கேமராவின் தளத்தைச் சாய்த்தால் மொத்த வெட்டும் தெளிவாக விழும். வானிலிருந்து எடுக்கிற படங்களைச் சரிப்படுத்த ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ளுக் 1904-ல் காப்புரிமை வாங்கிய வித்தை இது! இதை வைத்து லென்ஸின் நடுப்பகுதி எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்பதை எண்ணாகவே சொல்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஓ.சி.டி. ஸ்கேன் விஷயம். வெளுத்து ஊதிய புரையில் லென்ஸ் உறைக்குள் திரவம் சேர்ந்து அழுத்தம் ஏறியிருக்கும். உறையை நீலச் சாயத்தால் தெரியவைத்து முதல் கீறல் போட்டதுமே அது ரெண்டு பக்கமும் கிழிஞ்சு ஓடலாம். ஓரங்களில் நீலம், நடுவில் வெள்ளை. டாக்டர்கள் இதை அர்ஜென்டினா கொடி என்கிறார்கள். மெஸ்ஸி ரசிகர்கள் மன்னிக்கவும், ஆபரேஷன் அறையில் யாரும் பார்க்க விரும்பாத கொடி. உள்ளே திரவம் தேங்கியிருப்பதை முன்கூட்டியே ஓ.சி.டி. படத்தில் பார்த்தால், முதலில் ஊசியால் அழுத்தத்தைக் குறைத்துவிட்டுத் தொடங்கலாம்.

அப்பத்தாவுக்கு இன்னொரு ஸ்கேனும் எடுத்தார்கள், மூடிய இமைமேல் ஜெல் தடவி. புரைக்குப் பின்னால் விழித்திரை ஒட்டியிருக்கிறதா, பிரிந்திருக்கிறதா என்று பார்க்க. பிரிந்திருந்தால் எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தும் பயனில்லை. அந்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எங்கப்பா வராந்தாவில் உட்காரவே இல்லை. ஒட்டித்தான் இருந்தது. இப்போ அந்தக் கண்ணில் தூரத்துக்கு மைனஸ் முக்கால் கண்ணாடி. இடது கண்ணுக்குத் தேதி குறிச்சாச்சு.

கடைசியா, கேட்கிறவங்கள்ல லேசிக் பண்ணினவங்க இருப்பீங்க. லேசிக் கருவிழியின் வளைவையே மாத்திடும், அதனால் வழக்கமான ஃபார்முலா பின்னாடி உங்க கண்ணுக்குத் தப்பா கணக்குப் போடும். முப்பது வருஷம் கழிச்சுப் புரைக்குப் போகும்போது, லேசிக் பண்ணியிருக்கேன்னு முதல்ல சொல்லுங்க. அதுக்கு முன்னாடி எடுத்த அளவுகள் இருக்கிற ஃபைலை வீடு மாறும்போது தூக்கிப் போட்டுடாதீங்க.